நான் வாசிக்காமல் விட்ட வசனம்

கிறிஸ்துவுக்குள் அன்பான விசுவாசிகளே,

ஐசுவரியத்தைக் குறித்து எழுத வேண்டும் என்று கர்த்தர் பல நாட்களாக என் உள்ளத்தில் பாரத்தைத் தந்துகொண்டே இருந்தார். நானோ தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். காரணம், இதை எழுத ஆரம்பித்தால் முதலில் என் தப்பைத்தான் எழுத வேண்டும். வேதாகமத்தை எடுத்து மாற்கு 12-ஆம் அதிகாரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தொடர்ந்து வாசியுங்கள்.

மூன்று வருஷத்துக்கு முன் நம் சபையில் தகர ஷெட்டைப் பிரித்துவிட்டு கான்கிரீட் தளம் போட ஆரம்பித்தோம். கம்பியும் சிமெண்டும் வாங்கினதோடு பணம் தீர்ந்துவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் மாற்கு 12:41 முதல் 44 வரை வாசித்தேன். ஏழை விதவை போட்ட இரண்டு காசு! உங்களில் அநேகர் அன்றைக்கு இருந்தீர்கள். “கையிலிருக்கிற கடைசி விதையையும் விதைத்துவிடுங்கள், கர்த்தர் நூறத்தனையாய்த் தருவார், இந்த வருஷம் முடியுமுன் தருவார்” என்று சத்தமிட்டேன். நீங்களும் “அல்லேலூயா” என்றீர்கள். அன்று காணிக்கைப் பையில் பெயர் எழுதாத ஒரு கவரில் 10,000 ரூபாய் இருந்தது. அடுத்த வாரம் அதையே சாட்சியாகவும் சொன்னேன்.

எட்டு மாதம் கழித்து ஒரு சகோதரி ஆராதனைக்கு வருவதை நிறுத்திவிட்டார். கணவர் இல்லாதவர், தீப்பெட்டி ஆபீசில் பெட்டிக்குள் குச்சி அடைக்கிற வேலை செய்கிறவர். (அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். யாரென்று விசாரிக்க வேண்டாம்.) ஒரு சாயங்காலம் என் மோட்டார் வைண்டிங் கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு அவர் வீட்டுக்குப் போனேன். மகளுடைய நர்சிங் படிப்புக்காக மகளிர் குழுவில் வாங்கின கடனிலிருந்து எடுத்த பணம்தான் அந்தக் கவரில் இருந்தது. பீஸ் கட்டும் தேதிக்குள் கர்த்தர் பத்து மடங்காவது தந்துவிடுவார் என்று நம்பியிருக்கிறார். தேதி போய்விட்டது. மகள் படிப்பை நிறுத்திவிட்டு, தாயோடு அதே தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

அந்தச் சகோதரி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். தலையைக் குனிந்துகொண்டு, “பாஸ்டர், எனக்கு மட்டும் ஏன் நடக்கல? நான் குடுத்தது பத்தலையா, என் விசுவாசம் பத்தலையா?” என்று கேட்டார். எனக்கு வாய் திறக்கவில்லை. ஜெபம்கூடப் பண்ணாமல் வெளியே வந்துவிட்டேன்.

அன்றிரவு மறுபடியும் மாற்கு 12-ஐ எடுத்தேன். வேதாகமக் கல்லூரியில் எங்களுக்கு முதலாவது கற்றுக்கொடுத்த பாடம், எந்த வசனத்தையும் அதற்கு முன்னும் பின்னும் உள்ள வசனங்களோடு சேர்த்து வாசிக்க வேண்டும் என்பது. டிப்ளமா வாங்கினேன், பாடத்தை மறந்துபோனேன். நான் எப்பொழுதும் 41-ஆம் வசனத்திலிருந்தே ஆரம்பித்திருக்கிறேன். 40-ஆம் வசனத்தை வாசிக்கவே இல்லை! அதில் ஆண்டவர் யாரைக் குறித்துப் பேசுகிறார் பாருங்கள். நீண்ட அங்கி போட்டு, சந்தையில் வணக்கமும் விருந்தில் முதல் இடமும் தேடுகிற வேதபாரகர்கள், விதவைகளின் வீடுகளை விழுங்கிவிட்டு, பார்வைக்கு நீண்ட ஜெபம் செய்கிறார்கள் என்கிறார். அவர்களுக்கு வரும் ஆக்கினை அதிகம் என்றும் எச்சரிக்கிறார். அதைச் சொன்ன உடனே நிமிர்ந்து பார்க்கிறார். ஒரு விதவை வந்து தன் ஜீவனத்துக்கு உள்ளதையெல்லாம் பெட்டியில் போடுகிறாள்.

தேவாலயத்தில் எக்காளம் போன்ற வாயுள்ள 13 காணிக்கைப் பெட்டிகள் இருந்தன என்று யூதருடைய மிஷ்னா சொல்லுகிறது. அவள் போட்ட இரண்டு காசும் சேர்ந்து, ஒரு நாள் கூலியாகிய வெள்ளிப் பணத்தில் 64-ல் ஒரு பங்கு. இன்றைய கூலி 320 ரூபாய் என்று வைத்தால், வெறும் 5 ரூபாய். அவள் மற்ற எல்லாரைப் பார்க்கிலும் அதிகமாய்ப் போட்டாள் என்று ஆண்டவர் அவளைக் கனப்படுத்தினார், மெய்தான். ஆனால் அவள் வீட்டுக்குப் போனபோது பானை நிரம்பியிருந்தது என்று ஒரு வார்த்தையும் எழுதப்படவில்லை. அடுத்த அதிகாரத்தின் முதல் இரண்டு வசனங்களிலோ, அந்த அழகான ஆலயத்தில் கல்லின்மேல் கல் நிற்காது என்று ஆண்டவர் சொல்லிவிடுகிறார்.

பிரியமானவர்களே, அந்தப் பகுதியில் என்னை நான் ஆண்டவருடைய பக்கத்தில் நிற்கிறவனாகவே எண்ணியிருந்தேன். அன்றிரவுதான் 40-ஆம் வசனத்திற்குள் நான் நிற்பதைக் கண்டேன்.

அப்படியானால் ஐசுவரியத்தைக் குறித்து வேதம் என்னதான் போதிக்கிறது? மூன்று காரியங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

1. ஐசுவரியம் பாவமல்ல, பரிசுத்தத்துக்கு அத்தாட்சியும் அல்ல

ஆபிரகாம் பெரிய சீமான். பிலிப்பி பட்டணத்தில் பவுலுக்கு வீட்டைத் திறந்துகொடுத்த லீதியாள் இரத்தாம்பரம் விற்கிற வியாபாரி (அப். 16:14,15). ஆண்டவருடைய சரீரத்தை வைக்கத் தன் கல்லறையைக் கொடுத்த அரிமத்தியா ஊர் யோசேப்பும் ஐசுவரியவான்தான். ஆகவே நம் சபையில் கடை வைத்திருக்கிற சகோதரர்களும், சம்பாதிக்கிற பிள்ளைகளும் குற்ற உணர்வோடு இருக்க வேண்டாம்.

அதே சமயம், லாசரு பருக்கள் நிறைந்தவனாய் வாசலில் கிடந்தான், அவன் போன இடமோ ஆபிரகாமின் மடி! பவுலும் தான் நிறைவாயிருக்கவும் பட்டினியாயிருக்கவும் கற்றுக்கொண்டதாக எழுதுகிறார் (பிலி. 4:12). பவுலுக்கு விசுவாசம் பத்தவில்லை என்று யாராவது சொல்ல முடியுமா? பின் எப்படி ஒரு ஏழைச் சகோதரியைப் பார்த்து, “உனக்கு விசுவாசம் குறைவு” என்று சொல்லுகிறோம்?

2. காணிக்கை வியாபாரமல்ல

நூறத்தனை என்று பிரசங்கிக்கிற மாற்கு 10:30-ஐ முழுவதும் வாசியுங்கள். அதே வசனத்துக்குள் துன்பங்களும் வரும் என்று இருக்கிறது. அதை நாங்கள் பிரசங்கிமார் சத்தமாய் வாசிப்பதில்லை! விதைப்பு, அறுப்பு என்று பேசுகிற 2 கொரிந்தியர் 9-ஆம் அதிகாரம், எருசலேமில் வறுமையிலிருந்த பரிசுத்தவான்களுக்காகப் பவுல் சேர்த்த பணத்தைப் பற்றியது. ஒருவனிடத்தில் இல்லாததைக் கணக்கில் வைத்து தேவன் கேட்பதில்லை, உள்ளதைப் பார்த்தே அங்கீகரிக்கிறார் என்று அதற்கு முந்தின அதிகாரம் சொல்லுகிறது (8:12). கடன் வாங்கின பணம் நமக்கு உள்ளதா, இல்லாததா? நீங்களே சொல்லுங்கள்.

மல்கியா 3:10-ஐ எடுத்துத் தசமபாகம் கேட்கிறோம். கேட்கலாம். ஆனால் உபாகமம் 14:28,29 என்ன சொல்லுகிறது? மூன்றாம் வருஷத்தின் தசமபாகத்தை வாசலிலே வைக்க வேண்டும், லேவியனும் பரதேசியும் திக்கற்றவனும் விதவையும் வந்து சாப்பிட்டுத் திருப்தியாக வேண்டும். தசமபாகத்தை வாங்கிக்கொள்ள வேண்டியவர்களின் வரிசையில் விதவை இருக்கிறாள்! அவளைக் கொடுக்கிறவர்களின் வரிசையில் முதலாவதாக நிறுத்தியவன் நான்.

அமெரிக்காவில் டி.வி. ஊழியத்தில் பேர்பெற்றிருந்த ஜிம் பேக்கர், 1989-ல் மோசடி வழக்கில் 45 வருஷ சிறைத்தண்டனை பெற்றார். பிறகு தண்டனை குறைக்கப்பட்டு 1994-ல் வெளியே வந்தார். சிறையிலே இயேசுவின் வார்த்தைகளை ஒவ்வொன்றாய் ஆராய்ந்தபோது, தான் பிரசங்கித்த செழிப்பின் போதனைக்கு அவற்றில் ஆதாரம் இல்லை என்று கண்டு, 1996-ல் ஒரு புத்தகத்தில் அதை ஒத்துக்கொண்டார். அவர் எங்கேயோ இருக்கிறவர் என்று நினைக்க வேண்டாம். தொகைதான் வித்தியாசம், பாவம் ஒன்றே.

3. பணம் நம்மிடம் தங்குவதற்கல்ல, நம் கை வழியாய்ப் போவதற்கு

ஐசுவரியவான்களுக்குப் பவுல் கொடுக்கச் சொன்ன கட்டளை, எல்லாவற்றையும் விட்டு ஓடிப்போங்கள் என்பதல்ல. பணத்தின்மேல் நம்பிக்கை வைக்காமல் தேவன்மேல் வைத்து, நன்மை செய்து, தாராளமாய்ப் பகிர்ந்துகொடுக்க வேண்டும் என்பதே (1 தீமோ. 6:17,18). ஜான் வெஸ்லி ஆக்ஸ்போர்டில் இருந்தபோது வருஷத்துக்கு 30 பவுண்டு வருமானம். 28-ல் ஜீவனம் செய்து 2 பவுண்டைத் தர்மம் பண்ணினார். அடுத்த வருஷம் வருமானம் 60 ஆயிற்று. அப்பொழுதும் 28 பவுண்டில்தான் ஜீவித்தார், 32-ஐ ஏழைகளுக்குக் கொடுத்தார். நமக்கோ சம்பளம் கூடினவுடன் முதலில் கூடுவது செலவு. ஆகூர் என்ன ஜெபித்தான்? தரித்திரமும் வேண்டாம், ஐசுவரியமும் வேண்டாம், எனக்கு அளந்த ஆகாரம் போதும் என்று கேட்டான் (நீதி. 30:8,9). நம் ஜெபக்கூட்டத்தில் இந்த ஜெபத்தை யாராவது ஏறெடுத்து நான் கேட்டதில்லை. நானும் ஏறெடுத்ததில்லை.

இனி நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். சபை மூப்பர்களிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு மூப்பர், “காணிக்கையில போட்டதைத் திருப்பிக் குடுக்கிற பழக்கம் உண்டா பாஸ்டர்? நாளைக்கு எல்லாரும் கேட்டா என்ன செய்வீங்க?” என்றார். கேட்க வேண்டிய கேள்விதான். நான் சகேயுவை நினைத்தேன். “இன்றைக்கு உன் வீட்டுக்கு வருவேன்” என்று ஆண்டவர் சொன்னபோது அவன் ஸ்தோத்திரப் பாட்டு பாடவில்லை, கணக்குப் பார்த்தான். அநியாயமாய் வாங்கினது நாலு மடங்காய்த் திரும்பிற்று (லூக்கா 19:8).

தளத்துக்குப் போட்ட பணத்தை உடைத்து எடுக்க முடியாது. அதனால் கடைக்கு வாங்கி வைத்திருந்த செம்புக் கம்பியில் பாதியை விற்று 10,000 ரூபாயைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மீதி மூன்று மடங்கை மாதாமாதம் கட்டுகிறேன், இன்னும் முடியவில்லை. அந்தப் பிள்ளை அடுத்த ஜூனில் மறுபடியும் நர்சிங்கில் சேர்ந்தாள். ஆனால் அவள் இழந்த ஒரு வருஷத்தை என்னால் திருப்பிக் கொடுக்க முடியாது. சகோதரி சபைக்கு வருகிறார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர், இப்பொழுது கதவுக்குப் பக்கத்தில் உட்காருகிறார். காணிக்கைப் பை அவரிடம் வரும்போது நான் கண்களை மூடிக்கொள்ளுகிறேன்.

இந்த மாதம் முதல் மூப்பர்கள் ஒருமனதாய் ஒரு தீர்மானம் செய்திருக்கிறார்கள். காணிக்கையில் பத்தில் ஒரு பங்கு சபையிலுள்ள விதவைகளுக்கும் தகப்பனில்லாத பிள்ளைகளுக்கும் என்று தனியே எடுத்து வைக்கப்படும். கடன் வாங்கி யாரும் காணிக்கை போட வேண்டாம். போட்டிருந்தால் வெட்கப்படாமல் என்னிடம் வந்து சொல்லுங்கள். அந்த மூப்பர் கேட்ட கேள்விக்கு இதுவே என் பதில்.

ஜெபிப்போமா?

அன்பின் பரலோகப் பிதாவே, உம்முடைய நாமத்தைச் சொல்லி நாங்கள் வாங்கினதற்கு எங்களை மன்னியும். இருக்கிறவர்களுக்குத் திறந்த கையைத் தாரும். இல்லாதவர்கள் உம்முடைய அன்பைச் சந்தேகப்படாதபடி காத்துக்கொள்ளும். எங்கள் சபையில் ஒரு விதவையின் வீடும் விழுங்கப்படாதிருக்கட்டும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் சகோதரனும் ஊழியனும்