வெள்ளைக்குள் மறைந்த ஈரம்



மதீனாவின் கடைவீதியில் ஒருநாள் பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் தம் கையை நுழைத்தார்கள். மேலே காய்ந்திருந்தது, உள்ளே விரல்களில் ஈரம் பட்டது. காரணம் கேட்டபோது, மழையில் நனைந்துவிட்டதாக வியாபாரி சொன்னார். மழை பெய்தது அவருடைய குற்றமன்று. நனைந்ததை வாங்குவோர் கண்ணில் படும்படி மேலே வைக்காததே குற்றம். ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்று அண்ணலார் எச்சரித்ததை முஸ்லிம் ஷரீஃபில் காண்கிறோம்.

இந்த ஹதீஸை மதரஸாவில் ஓதியவன் நான். மிம்பரில் நின்று பலமுறை சொன்னவன். ஆயினும் அது என் நெஞ்சில் தைத்தது ஒரு வாடகை வீட்டில்தான்.

சென்னையில் ஒரு தரைத்தள வீட்டில் குடியிருந்தோம். ஐப்பசி மழை தொடங்கியதும் குளியலறையை ஒட்டிய சுவரில் ஓதம் ஏறியது. சில நாட்களில் கறுப்புப் பூசணம் படர்ந்தது. பீரோவில் வைத்த துணிகளெல்லாம் அதே வாடை. என் சின்ன மகளுக்கு இரவு முழுவதும் இளைப்பு. உரிமையாளரிடம் சொன்னோம், கோடையில் வெள்ளையடித்துக் கொடுத்தார். அடுத்த மழையில் அதே இடத்தில் அதே கறுப்பு. வேறு வீடு பார்த்துக் கிளம்பினோம்.

மறுபடியும் வெள்ளையடித்த அந்த அறையைப் பார்க்க, எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த ஒருவர் மனைவியோடும் கைக்குழந்தையோடும் வந்தார். "வீடு எப்படி, ஹஜ்ரத்?" என்று கேட்டார். என் முன்பணம் அப்போது உரிமையாளர் கையில் இருந்தது. "தண்ணீர்க் கஷ்டம் இல்லை" என்றேன். நான் பொய் சொல்லவில்லை. ஆனால் ஈரத்தை அடியில் வைத்துவிட்டேன்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. சுப்ஹு தொழுததும் அவர் வீட்டுக்கே போய் உள்ளதைச் சொன்னேன். பிறகு உரிமையாளரிடமும், சொல்லிவிட்டேன் என்று சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. முன்பணமும் தாமதமாகவே வந்தது. ஆனால் சுவரை உடைத்துக் கசிந்த குழாயை மாற்றிய பிறகே அந்தக் குடும்பம் குடியேறியது.

இதில் யார் மீது என்ன கடமை? இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தம் 'மின்ஹாஜ்' நூலில், வாடகை வீட்டைப் பழுது பார்ப்பது உரிமையாளர் பொறுப்பு என்கிறார்கள். அவர் விரைந்து சீர்செய்யாவிட்டால், ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளக் குடியிருப்பவருக்கு உரிமை உண்டு. முற்றத்தில் சேரும் குப்பையை அகற்றுவதோ குடியிருப்பவர் வேலை. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டுச் சட்டமும், ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாதவரை, கட்டடப் பழுதையும் குழாய் மாற்றுவதையும் உரிமையாளரிடமே விடுகிறது.

ஆகவே, குடியிருப்போரே! கசிவைக் கண்ட அன்றே, தேதியிட்டு எழுத்தில் தெரிவியுங்கள். முன்பணம் பிடிபடுமென அஞ்சிக் காலண்டரை மாட்டி மறைக்காதீர்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். பீரோவைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளிப் போடுங்கள். ஈரத்துணியை அறைக்குள் உலர்த்தாதீர்கள். சிறிதளவு பூசணமென்றால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, சோப்பு நீரால் துடைத்து நன்கு காயவிடுங்கள். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டைக் கலக்கவே கூடாது, நச்சுப்புகை எழும். இளைப்புள்ளவர்களை அந்த அறையில் படுக்க வைக்காதீர்கள். ஈரமும் பூசணமும் உள்ள வீட்டில் வாழ்வோருக்கு இளைப்பு நோய் வரும் வாய்ப்பு அதிகமென்று உலக சுகாதார நிறுவனம் 2009இல் எச்சரித்துள்ளது.

அங்கே தொழலாமா என்று சிலர் கேட்கிறார்கள். பூசணம் தன்னளவில் நஜீஸ் அன்று, தொழுகை கூடும். கழிவுநீர் கசிந்த ஈரமென்றால் அது நஜீஸ். கழுவித் தூய்மை செய்தே அங்கு தொழ வேண்டும்.

வீட்டுக்காரர்களே! கசிவை அடைக்காமல் பூசும் சுண்ணாம்பு, அந்தத் தானியக் குவியலின் மேல்பரப்பைப் போன்றதே. நீங்கள் வாங்கும் வாடகை ஹலாலாக இருக்கட்டும்.

மறைப்பதில் கிடைக்கும் ஆதாயத்தை விட்டும் வல்ல அல்லாஹ் நம்மைக் காப்பானாக! ஆமீன்.