தாழியும் பூச்சாடியும்

பழைய பொருளொன்றின் வடிவத்தைப் புதிய பொருளுக்கு எடுத்துக்கொள்ளுதல் அறமாகுமா? கலைஞன் முன்னோரிடம் கற்பவனே என்று கூறி இவ்வினாவை ஒதுக்கிவிடலாம். ஆயின், அவ்வடிவம் இறந்தோருக்கென வனையப்பட்டதாயின் விடை அத்துணை எளிதன்று.

புத்தளம் மாவட்டக் கரையோரத்தில், வில்பத்துக் காட்டுப் பகுதியிலுள்ள பொம்பரிப்பில், பெருங்கற்காலப் பண்பாட்டைச் சார்ந்த ஈமத்தாழிகள் மண்ணுட் புதைந்துள்ளன. 1924ஆம் ஆண்டில் ஹோகாட்டும், 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகக் குழுவினரும் அங்கு அகழ்வாய்வு நடத்தினர். எலும்புகளும், உடன்வைத்த கறுப்பு-சிவப்புக் கலங்களும் வெளிப்பட்டன. ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு இவை கொண்ட ஒப்புமையை ஆய்வாளர் சுட்டியுள்ளனர். இதே மாவட்டத்துத் தங்கொட்டுவை இன்று பீங்கான் தொழிலாற் பெயர்பெற்ற ஊர். அங்குள்ள இளைஞனொருவன் பொம்பரிப்புத் தாழியின் வடிவிற் பூச்சாடியொன்றை வனைய விரும்புகிறான் எனக் கொள்வோம்.

அது தகாது என்போர் கூற்றிலும் நியாயம் உண்டு. புறநானூற்றின் 256ஆம் பாடலில், கணவனை இழந்த பெண்ணொருத்தி, தனக்கும் இடமிருக்குமாறு தாழியை அகலமாக வனையும்படி குயவனை வேண்டுகிறாள். அவ்வகலம் அழகுக்காக ஏற்பட்டதன்று. அது துயரத்தின் அளவு. அதனை வரவேற்பறை மேசையில் வைத்தல் பிறர் துயரை அலங்காரமாக்குவதாகாதா?

ஆயினும், கறுப்பு-சிவப்புக் கலம் சாவுக்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை. கந்தரோடையிலும் அநுராதபுரத்திலும் மக்கள் வாழ்ந்த மண்ணடுக்குகளிலும் அது கிடைத்துள்ளது. உண்பதற்கும் ஈமத்திற்கும் ஒரே வகைக் கலம் உதவிற்று. எனவே, வடிவத்தைத் தொடுதலே குற்றம் எனக் கூறுதல் பொருந்தாது.

குற்றம் வேறிடத்திற் பிறக்கின்றது. குழியில் இறக்கப்பட்ட தாழிக்குத் தட்டையான அடி வேண்டியதில்லை. மேசையில் நிற்கும் சாடிக்கு அது வேண்டும். மெருகற்ற மண்கலத்தில் நீர் கசியும். பூச்சாடியோ நீரைத் தாங்கவேண்டும். புதிய பயன் புதிய வடிவத்தைக் கேட்கின்றது. அதற்குச் செவிசாய்ப்பவன் படைப்பாளி. செவிசாயாது பழமையின் தோற்றத்தை மட்டும் ஒட்டுபவன் போலி செய்பவன்.

பெயரிலும் பொய் நுழையக்கூடும். இங்கிலாந்தில் வெட்ஜ்வுட் 1769இல் திறந்த தொழிற்சாலைக்கு ‘எத்துரூரியா’ எனப் பெயரிட்டார். இத்தாலியின் எத்துரூரியக் கல்லறைகளிற் கிடைத்த பழங்கலங்கள் அந்நாட்டாரின் ஆக்கம் என அக்காலத்தார் எண்ணினர். அவற்றுட் பல கிரேக்கரின் கைவண்ணம் என்பது பின்னரே தெளிவாயிற்று. அறியாமை மன்னிக்கத்தக்கது. அறிந்தும் மறைத்தல் அவ்வாறன்று. ஈமத்தாழியை ‘அரண்மனைச் சாடி’ என்று கூறி விற்பவன், வாங்குவோனையும் இறந்தோனையும் ஒருங்கே ஏமாற்றுகின்றான்.

ஆகவே, அவ்விளைஞன் வனையட்டும். தன் சாடிக்கு அடியும் மெருகும் கொடுக்கட்டும். அதன் முன்வடிவம் பொம்பரிப்பில் இறந்தோரைத் தாங்கியது என்பதை வாங்குவோரிடம் மறையாது சொல்லட்டும். அதனைக் கேட்டபின்னரும் ஒருவர் அச்சாடியில் மலரிடுவாராயின், அம்மலர் வெறும் அலங்காரமாக இராது.