போனை விடாத தம்பி: தப்பு யார் பேர்ல?



"எப்பப் பாரு போன். சொன்னா கேக்குறதே இல்ல, திமிரு!" பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளைகள் இருக்கிற வீட்டில் தினமும் கேட்கிற வசனம் இது. சாப்ட்வேர் துறையில் வேலை பார்க்கிற எனக்கு இதைக் கேட்கும்போதெல்லாம் ஒரு கேள்வி உறுத்தும். இது நிஜமாவே திமிர்தானா?

முதலில் ஒரு பழைய சோதனை. அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் புறாக்களை வைத்துப் பார்த்தார். கொத்தும்போதெல்லாம் தீனி கிடைத்துப் பழகிய புறா, தீனி நின்றதும் சீக்கிரமே விட்டுவிடும். தீனி எப்போ வரும்னே தெரியாமல் பழகிய புறா விடாமல் கொத்திக்கிட்டே இருக்கும். ரீல்ஸ் தள்ளுறதும் இதேதான். நாலு மொக்கை, அஞ்சாவது சூப்பர். "அடுத்தது நல்லா இருக்குமோ" என்கிற நினைப்புதான் கொக்கி. 2006-ல் ஏசா ராஸ்கின் முடிவில்லாத ஸ்க்ரோலை வடிவமைத்தார். பக்கம் முடிகிற இடமே இல்லாமல் போனது, கூடவே "போதும்" என்று யோசிக்கிற இடமும். பின்னாளில் அவரே அதை நினைத்து வருத்தப்பட்டார்.

இரண்டாவது, வயசு. ஆசையைத் தூண்டும் மூளைப் பகுதி பதின்வயதிலேயே வேகமெடுத்துவிடும். "நிறுத்து" என்று சொல்லும் முன்மூளை முழுசா முதிர இருபதுகளின் நடுப்பகுதி ஆகும். நண்பர்கள் நம்மை என்ன நினைக்கிறாங்க என்பதே உலகமா இருக்கிற வயசு அது. 2009-ல் பேஸ்புக் லைக் பட்டன் வந்ததும் அந்த நினைப்புக்கு ஒரு எண்ணிக்கை கிடைத்தது.

மூன்றாவதுதான் முக்கியம். எனக்குத் தெரிந்த பதினொன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் ராத்திரி ஒரு மணி வரை கேம் ஆடுவான். ஏன்டா தம்பின்னு கேட்டேன். "ஸ்கூல்ல நான் கடைசி பெஞ்ச்ணா. அங்க நான்தான் டீம் லீடர்" என்றான். போனைப் பிடுங்கினால் கேம் போய்விடும். கடைசி பெஞ்ச் அப்படியேதான் இருக்கும்.

அப்போ அவன் மேல பொறுப்பே இல்லையா? இருக்கு. ஆனால் குற்றம் வேற, பொறுப்பு வேற. மாட்டிக்கிட்டது அவன் குற்றம் இல்லை. வெளியே வர்ற நடையை அவனுக்குப் பதிலா வேற யாரும் நடக்கவும் முடியாது. கூட நடக்கலாம், அவ்வளவுதான். கொக்கி செய்பவர்களுக்கும் பங்கு உண்டு. யூசர் எவ்வளவு நேரம் இருந்தார் என்று அளக்கிற எங்கள் துறை, அந்த நேரம் அவருக்கு என்ன கொடுத்தது என்றும் கேட்கணும்.

நிலைமை கைமீறினால் வெட்கப்பட வேண்டாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் 2014 முதல் இதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

இன்னைக்கு ராத்திரி உங்க வீட்டுத் தம்பியோ தங்கையோ போனும் கையுமா இருந்தா, "வை அதை" என்று சொல்வதற்கு முன்னாடி ஒண்ணு கேளுங்க: "அதுல உனக்கு என்ன கிடைக்குது?" பதிலைப் பொறுமையா கேளுங்க. அதை நம்ம வீட்டில் கொடுக்க முடியுமான்னு யோசிங்க.