அரியரும் அருளும்

நவம்பர் பிறந்துவிட்டால் எங்கள் பெண்கள் விடுதியில் விரதங்கள் தொடங்கிவிடும். வியாழக்கிழமை இரவு மெஸ்ஸில் சோறு மிஞ்சும். ராகவேந்திரருக்கு ஒருத்தி, சாய்பாபாவுக்கு ஒருத்தி. வேளாங்கண்ணி மாதாவுக்கு நவநாள் ஜெபம் சொல்கிறவள் அறைத்தோழிகளையும் கூட உட்கார வைத்துக்கொள்வாள். விடிவதற்கு வெகுநேரம் முன்பே எழுந்து தஹஜ்ஜுத் தொழும் பெண்ணுக்காக வராந்தா விளக்கை அணைக்க வேண்டாம் என்று இரவுக் காவலுக்கு இருந்த அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தேன். கூத்தனூர் சரஸ்வதியின் முன்னால் வைத்து எடுத்த பேனா, திருவந்திபுரத்தில் மலைமேல் இருக்கும் ஹயக்ரீவர் சந்நிதியில் வைத்து எடுத்த ஹால் டிக்கெட் என்று ஒவ்வொரு பைக்குள்ளும் ஏதாவது ஒன்று இருக்கும்.

திருச்சிக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் கணிதம் கற்பித்தேன். விடுதியின் துணைக் காப்பாளர் பொறுப்பும் என்னிடம் இருந்தது. இந்த விரதங்களை நான் ஒருநாளும் குறைவாக நினைத்ததில்லை. கீதையின் ஏழாம் அத்தியாயத்தில் கண்ணன் தன்னைத் தேடி வருகிறவர்களை நான்கு வகையாகப் பிரிக்கிறான்: துன்பப்படுகிறவன், அறிய விரும்புகிறவன், பொருள் வேண்டுகிறவன், ஞானி. ஞானியைத் தனக்கு மிக நெருங்கியவனாகச் சொன்னாலும் நால்வரையுமே உயர்ந்தவர்கள் என்றுதான் சொல்கிறான். எம்-1 தாளில் தேற வேண்டும் என்று கேட்கிற பெண்ணுக்கும் அந்த வரிசையில் இடம் உண்டு. பயந்த பிள்ளை கேட்கத்தான் செய்யும். கேட்கட்டும்.

என் மனதை அறுத்தது, முடிவு வந்த பிறகு நடப்பது.

திருவாரூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். அரசுப் பள்ளி, தமிழ்வழி. பத்தாம் வகுப்பில் பள்ளியிலேயே முதல் மதிப்பெண். அப்பா இல்லை; அம்மா நடவுக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிறவர். குடும்பத்தின் முதல் பட்டதாரி என்ற சலுகையில் கட்டணம் குறைந்தது. மிச்சத்துக்கு வங்கிக் கடன். முதல் செமஸ்டர் முடிவு வந்த இரவு, பல்கலைக்கழக இணையதளம் திறக்காமல் மணிக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு, கடைசியில் அவள் பெயருக்கு எதிரே கணிதத்தில் ‘ஆர்.ஏ.’ என்று காட்டியது. தேறவில்லை, மறுபடி எழுத வேண்டும் என்று பொருள்; பிள்ளைகள் மொழியில் அரியர். இரண்டு நாள் கழித்து என் அறை வாசலில் வந்து நின்றாள். “மேம், போன ஜென்மத்துல என்ன பாவம் பண்ணினோம்னு அம்மா அழுவுறாங்க. சரஸ்வதிக்கு நேர்ந்துக்கிட்டும் இப்படி ஆயிடுச்சுன்னா, சாமிக்கே என்னைப் பிடிக்கலையா மேம்?” என்றாள்.

இந்தக் கேள்வியைப் பல வடிவங்களில் பல பெண்களிடமிருந்து கேட்டிருக்கிறேன். மதத்துக்கு மதம் வார்த்தை மாறும்; கேள்வி மாறாது. ஒரு தேர்வில் தவறியவள், தான் தள்ளப்பட்டுவிட்டதாக நினைக்கிறாள். அப்பா அம்மாவால், வகுப்பால், கடைசியில் கடவுளாலும். கல்லூரி வாழ்க்கையின் மற்ற பாரங்கள் எனக்குத் தெரியும். 75 சதவீத வருகைப்பதிவு, மூன்று இன்டர்னல் தேர்வு, லேப் ரெக்கார்டு, விடுதிச் சாப்பாடு, வீட்டு நினைவு, கையில் காசில்லாமல் தோழிகளோடு கடைக்குப் போக நேரும்போது வரும் கூச்சம். இவையெல்லாம் சுமக்கக் கூடியவை. சாமிக்கே என்னைப் பிடிக்கவில்லை என்ற எண்ணத்தைப் பதினெட்டு வயதில் யாராலும் தனியாகச் சுமக்க முடியாது.

முதலில் வினைக் கணக்கைப் பார்ப்போம். கர்மத்தின் போக்கு அறிவதற்கு அரியது என்று கீதையே சொல்லிவிட்டது. எந்த வினை எந்தப் பலனாக வந்தது என்று இன்னொருவரைக் காட்டிச் சொல்லும் அதிகாரம் நம்மில் ஒருவருக்கும் இல்லை. வினைக் கொள்கையை நான் நம்புகிறேன். அது நான் என்னைத் திருத்திக்கொள்ள எனக்குத் தரப்பட்டது. அடுத்தவர் வீட்டுக் கண்ணீருக்கு விளக்கம் எழுத அல்ல. அந்தப் பெண்ணின் தோல்விக்கு முற்பிறவி வரை போக வேண்டிய தேவையும் இல்லை, காரணங்கள் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தன. பள்ளியில் அவள் படித்தது அணியும் அணிக்கோவையும். இங்கே முதல் நாளே கரும்பலகையில் மேட்ரிக்ஸும் டிட்டர்மினன்டும் வந்தன. இரண்டும் ஒன்றே என்று அவள் கண்டுபிடிப்பதற்குள் ஐகன் மதிப்பும் கெய்லி-ஹாமில்டன் தேற்றமும் முடிந்து வகுப்பு நுண்கணிதத்துக்குப் போய்விட்டது. அறுபது பேர் இருக்கும் வகுப்பில் கைதூக்கிக் கேட்க ஆங்கிலம் வேண்டும், அல்லது துணிச்சல் வேண்டும். முதல் செமஸ்டரில் பல பிள்ளைகளுக்கு இரண்டும் இருப்பதில்லை. நாம் அமைத்துவைத்த ஒரு பள்ளத்தில் விழுந்தவளைப் பார்த்து ‘உன் வினை’ என்பது, நம் பொறுப்பை இறைவன் தலையில் ஏற்றுவது.

அன்று மாலை என் அப்பாவிடம் இதைச் சொன்னேன். ஸ்ரீரங்கத்தில் துளசி மாலை கட்டி விற்றவர் அவர். பள்ளிக்கூடம் அதிகம் போனதில்லை. மாலை கட்டிக்கொண்டே அரை நூற்றாண்டு காலட்சேபம் கேட்டவர். அவர் கேட்டார்: “அம்மாடி, குரங்குக்குட்டியானாலும் பூனைக்குட்டியானாலும், தாய் தூக்கறது அது பாஸ் பண்ணினதுக்காகவா?”

ராமானுஜருக்குப் பிறகு வந்த வைணவ ஆசாரியர்கள் தலைமுறை தலைமுறையாக வாதிட்ட விஷயம் இது. இறைவன் ஓர் உயிரைக் காப்பாற்ற, அந்த உயிர் ஏதாவது செய்ய வேண்டுமா? குரங்குக்குட்டி தாயின் வயிற்றை இறுகப் பிடித்துக்கொள்கிறது. அதுபோல உயிரும் பற்றிக்கொள்ள வேண்டும் என்றது வடகலை மரபு. பூனைக்குட்டி ஒன்றும் செய்வதில்லை, தாயே வாயால் கவ்வித் தூக்குகிறது என்றது தென்கலை. இந்த வேறுபாட்டைச் சொல்லி நிறுத்திவிடுவதுதான் வழக்கம். அப்பா சுட்டிக்காட்டியதோ இரு தரப்பும் சேர்ந்து ஒப்புக்கொண்ட இடம். எந்தத் தாயும் குட்டியின் தகுதியைச் சோதித்துவிட்டுத் தூக்குவதில்லை.

திருவந்திபுரத்தை மறுபடி நினைத்துக்கொள்கிறேன். எங்கள் பிள்ளைகள் ஹால் டிக்கெட்டோடு போகிற அதே மலையில்தான் வேதாந்த தேசிகருக்கு ஹயக்ரீவர் காட்சி தந்தார் என்பது மரபு. அந்தத் தேசிகர் சரணாகதிக்கு வேண்டிய தகுதிகளைச் சொல்லும்போது ஆகிஞ்சன்யம் என்கிறார். என் கையில் ஒன்றுமில்லை, என்னால் ஆகவில்லை என்று உணர்ந்து நிற்பது. அதோடு, வேறு புகலும் இல்லை என்று நிற்பது. ஞானம் நிறைந்தவர், நோன்பில் தேறியவர் என்று அங்கே கேட்கவில்லை. முயற்சியை வலியுறுத்திய குரங்குக்குட்டி மரபின் பேராசிரியரே வாசலில் கேட்கும் சான்றிதழ் வெறுங்கைதான். ‘என்னால முடியலை மேம்’ என்று அழுத பெண், அந்தக் கணக்கின்படி, உள்ளே அழைக்கப்பட வேண்டிய முதல் ஆள். தென்கலையின் பிள்ளை லோகாசாரியர் பக்கம் போனால் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். அப்போதுதான் ஈன்ற கன்றின் உடம்பில் இருக்கும் அழுக்கைப் பசு விரும்பி நக்குவதுபோல, அடியவரின் குற்றத்தையே இறைவன் விரும்பி ஏற்கிறான் என்பது அவர்கள் கொள்கை.

இதைக் கேட்டுவிட்டு எல்லோருக்கும் தேர்ச்சி போட்டுவிடலாமே என்று யாராவது சொன்னால் நான் ஒப்ப மாட்டேன். நான் கணக்கு வாத்தியார். ஐகன் மதிப்பு தவறினால் தவறுதான். அந்தக் கணக்கை நம்பி நாளைக்கு ஒரு பாலம் நிற்க வேண்டியிருக்கும். விடைத்தாளில் கருணைக்கு ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது. அப்படிப் போடுவது நன்றாகப் படித்தவளுக்கும் துரோகம், தவறியவளுக்கும் துரோகம். தேர்வு ஒரே ஒரு விஷயத்தை அளக்கிறது. அந்தத் தேதியில், அந்த மூன்று மணி நேரத்தில், இந்தக் கணக்குகளை இவளால் போட முடிந்ததா? அளந்து முடித்ததும் அதன் வேலை முடிந்தது. அதை உயிரின் மதிப்பாகப் படிப்பவர்கள் நாம்தான். கோயிலில் நேர்ந்துகொள்ளும்போது அந்தப் பிழையைச் சாமியின் பெயரில் செய்துவிடுகிறோம். தேறினால் அருள், தவறினால் கைவிட்டார் என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். ஆசாரியர்கள் அப்படிச் சொல்லவில்லை.

அந்தப் பெண்ணுக்கு நான் சொன்னது ராமானுஜர் கதை. குருவிடம் மந்திரத்தின் பொருள் கேட்டு ஸ்ரீரங்கத்திலிருந்து திருக்கோஷ்டியூருக்கு 18 முறை நடந்தார் அவர் என்பது குருபரம்பரை தரும் செய்தி. பதினேழு முறை திருப்பி அனுப்பப்பட்டார். அடுத்த முறை கேட்டதை, யாருக்கும் சொல்லக் கூடாது என்ற கட்டளையை மீறிக் கோபுரத்தில் ஏறி ஊருக்கே சொன்னார். எனக்கு நரகம் வந்தாலும் இத்தனை பேர் கடைத்தேறுவார்களே என்றார். திரும்பி வந்த பதினேழு பயணங்களை வைத்து அவரை யாரும் எடைபோடவில்லை. கோபுரத்தின் மேலிருந்து அவர் கூவியதைத்தான் ஊர் நினைவில் வைத்திருக்கிறது. அவள் கேட்டுக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் விடுதி வாசிப்பறையில் தமிழில் அணிக்கோவை தொடங்கி மறுபடி நடத்தினேன். அவளோடு சேர்ந்து ஏழெட்டுப் பேர் வந்தார்கள். ஏப்ரலில் எழுதித் தேறினாள்.

கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். மூன்றாம் ஆண்டு முடிந்து வேலைக்கு ஆள் எடுக்க நிறுவனங்கள் கல்லூரிக்கு வந்தபோது, சில படிவங்களில் ஒரு நிபந்தனை இருந்தது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டு, பட்டம் எல்லாவற்றிலும் 60 சதவீதம். நிலுவையில் அரியர் இருக்கக் கூடாது. இதுவரை நியாயம் என்று சொல்லிக்கொள்ளலாம். அடுத்த வரி: ‘ஹிஸ்டரி ஆஃப் அரியர்’ இருக்கக் கூடாது. எழுதித் தேறிய பிறகும், ஒருமுறை தவறினாய் என்பதே தகுதிக்குறைவு. அவள் அந்த நேர்காணல்களுக்கு உட்காரவே முடியவில்லை. பிறகு வேறொரு நல்ல நிறுவனம் எடுத்துக்கொண்டது, அது வேறு செய்தி. அந்த வரியைப் படித்த அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. நம் தர்ம சாஸ்திரங்கள் கடுமையானவை என்று பெயர் எடுத்தவை. அவற்றில்கூடப் பாவத்துக்குப் பிராயச்சித்தம் உண்டு, செய்து முடித்தவனைச் சேர்த்துக்கொள் என்ற விதி உண்டு. கிறிஸ்தவத்தில் ஒப்புரவு உண்டு, இஸ்லாத்தில் தவ்பா உண்டு. தீர்ந்த பிறகும் தீராத குற்றம் என்ற ஒன்றை, எந்த மதமும் துணியாத அளவுக்குக் கடுமையாக, ஒரு வேலைவாய்ப்புப் படிவம் உண்டாக்கிவிட்டது. பதினெட்டு வயதின் ஒரு டிசம்பர் மாதத்தை இருபத்தொரு வயதிலும் மன்னிக்காத படிவம் அது.

மன்னிக்காத இந்த உலகில் வாழ முடியாது என்று முடிவெடுத்துவிடும் பிள்ளைகளும் உண்டு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022-ஆம் ஆண்டு மட்டும் நாடு முழுவதும் 13,000-க்கும் அதிகமான மாணவர்கள் தற்கொலையால் இறந்திருக்கிறார்கள். ஒவ்வொரு சாவுக்கும் ஒரே காரணம் சொல்ல முடியாது. சொல்வது அறமும் அல்ல. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், ஓய்வுபெற்ற நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் இதை ஆராயத் தேசியப் பணிக்குழு ஒன்றை அமைத்தது. அதற்கு முன்பே 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், உயிரை விட முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று சொல்லி, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவதை அரசின் கடமை ஆக்கியது. அருளைப் பற்றி நாள்தோறும் பேசுகிற நம்மை விடச் சட்டம் முன்னால் போய்விட்டது. நம் தெருவில் இன்றும் அப்படி ஒரு பிள்ளையின் வீட்டில் முதலில் பேசப்படுவது பாவத்தைப் பற்றித்தான்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். நேர்ந்துகொள்ளுங்கள், கூத்தனூருக்கும் நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும் போங்கள். போகும்போதே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள், தேறினாலும் தவறினாலும் இந்த நேர்த்திக்கடனை நாம் செலுத்துவோம் என்று. தவறிய பிள்ளை சாப்பிடாமல், பேசாமல், கதவைச் சாத்திக்கொண்டால் வினை என்று விட்டுவிடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104-லும் பேசலாம். அந்த எண்களைச் சுழற்றுவது பக்திக் குறைவு அல்ல.

வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனங்களுக்கும் ஒன்று. உங்களில் பலர் அலுவலக வாசலில் பிள்ளையார் வைத்திருக்கிறீர்கள், ஆயுத பூஜை அன்று கணினிக்குச் சந்தனம் வைக்கிறீர்கள். இந்த ஆண்டு படிவம் அச்சாகும் முன் அந்த ஒரு வரியை அடித்துவிடுங்கள். நிலுவையில் அரியர் உண்டா என்று கேளுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. தேறிய தாளைத் தேறியதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.