உறையிலிட்ட பொருள் எவர்க்குரியது?

இல்வாழ்க்கை நடாத்துவார்க்கு வரவினுஞ் செலவு மிகாமற் காத்தல் முதற் கடமைகளுள் ஒன்றாம். வரவு சிறிதென்று வருந்துவார் பலர். செலவு செல்லும் வழியை உற்று நோக்குவார் சிலர். திங்கட் சம்பளம் பெற்றுச் சீவிக்கும் ஆசிரியர்க்கு இவ்விஷயம் மிகவும் அணித்து. அவர்க்கு வரவு திங்கட்கு ஒருமுறையே வருவது. செலவோ நாடோறும் வாயிற்கண் வந்து நிற்பது.

இதற்கு உபாயமாகப் பல தேசத்தாருங் கையாண்டு வரும் முறையொன்றுண்டு. அது கடிதவுறை முறை எனப்படும். சம்பளம் வந்த அன்றே அதனைக் காசாகப் பெற்று, உணவு, மின்சாரமுந் தண்ணீரும், பிள்ளைகளின் கல்வி, போக்குவரத்து, மருந்து, தருமம், சேமிப்பு என வகுத்து, ஒவ்வொன்றன் பெயரையும் ஒவ்வோருறைமேல் எழுதி, உரிய தொகையை அதனுள் இடுதல் வேண்டும். அவ்வச் செலவை அவ்வவ்வுறையிலிருந்தே செய்தல் வேண்டும். ஓருறை வெறுமையாயின் அச்செலவை அடுத்த திங்கள் வரையும் நிறுத்தல் வேண்டும். ஆண்டிற்கொருமுறை வருஞ் செலவும் இதனுள் அடங்கும். புதிய கல்வியாண்டின் தொடக்கத்திலே பாதணி, புத்தகப்பை, அப்பியாசப் புத்தகம் முதலியவற்றுக்கு 24,000 ரூபா வேண்டுமாயின், திங்கடோறும் 2,000 ரூபா உறையிலிட்டு வருவார்க்கு அக்காலத்திற் கடன் வாங்கும் அவசியம் நேராது.

இம்முறையின் பிரயோசனத்தை ஐயுறுவார் அரியர். ஆயினும் யாம் ஈண்டு ஆராயப் புகுந்தது கணக்கன்று. கணக்கினுள் மறைந்து நிற்கும் அறமேயாம். பிள்ளையின் கல்விக்கென்று இட்ட உறையில் 5,000 ரூபா உளதென்று கொள்வோம். கடைத்தெருவிலே நல்ல கைக்கடிகாரமொன்று அதே விலைக்கு விற்கப்படுகின்றது. உறையும் என்னுடையது, அதனுள்ளிருக்கும் பொருளும் என் உழைப்பால் வந்தது. எடுத்தாற் குற்றமாமோ?

குற்றமன்றென்பார் கூற்று வருமாறு: பணத்துக்கு நிறமில்லை, கல்விப் பணம் கடிகாரப் பணம் என்னும் பேதம் காசில் இல்லை, அது மனத்தின் கற்பனையே. இக்கூற்றை எளிதிற் றள்ளல் இயலாது. அமெரிக்கப் பொருளியலறிஞர் றிச்சேட் தேலர், 1985ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையொன்றில், மக்கள் ஒரே பணத்தை வெவ்வேறு பெயரின்கீழ் வைத்து, ஒன்றற்கொன்று உதவாதது போல நடத்தும் இயல்பை ‘மனக்கணக்கு’ என்னும் பெயரால் ஆராய்ந்தார். 2017ஆம் ஆண்டில் அவர்க்குப் பொருளியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. சேமிப்புக் காசை வீட்டில் வைத்துக்கொண்டே வட்டிக்குக் கடன் வாங்குவாரை நாமும் காண்கின்றோம். பெயருக்கு அடிமைப்பட்டு நட்டமடைதல் அறிவுடைமையாகாது.

எனினும், பெயரிட்ட மாத்திரத்தே பொருளின் உரிமை மாறுதலை நம் நாட்டுத் தாய்மார் தொன்றுதொட்டு அறிவர். நோயுற்ற பிள்ளைக்காக நேர்ந்து, மஞ்சட்டுணியில் முடிந்து வைத்த காசை எடுத்து உப்பு வாங்கத் துணிவாள் அரியள். உலைக்கு அளந்த அரிசியினின்றும் ஒரு பிடி எடுத்துத் தருமத்துக்கென்று வேறு பானையிலிட்ட பிடியரிசியும் அத்தன்மையதே. காசு காசே, அரிசி அரிசியே. ஆயினும் ஒரு சொல்லால் அவை பிறர்க்குரியனவாயின. திருக்குறள் இல்வாழ்வானுக்குரிய கடப்பாடுகளைப் பிதிரர், தெய்வம், விருந்து, சுற்றம், தான் என ஐந்தாக வகுத்தது. பரிமேலழகர் அதன் உரையிலே, இவ்வைந்திற்கும் ஐந்து கூறு வேண்டுதலின் அரசனுக்கு இறைப்பொருள் ஆறிலொரு கூறாயிற்று என்று விளக்கினார். ஆகவே, வரவு முழுவதும் ஈட்டினான் ஒருவனுக்கே உரியதன்றென்பதும், அவனும் பங்காளருள் ஒருவனே என்பதும் பெறப்படும். உறையின்மேற் பெயரெழுதுதல் அப்பங்கீட்டின் புதிய உருவமேயாம்.

அப்பெயர் எவர்க்காக நிற்கின்றது? இன்று பசித்தவன் வாய்திறந்து கேட்பான். இன்று ஆசைப்படும் மனமோ அவனினும் உரத்துக் கேட்கும். ஆனால் அடுத்த ஆண்டு மேல்வகுப்பேறும் பிள்ளை அன்றைய தேவையை இன்று வந்து கேட்க அறியாது. வருங்காலத்தில் நோயுறும் முதிய தாய் இன்று வந்து வழக்காடாள். ஈண்டில்லாதார்க்காக வாதிடும் வழக்கறிஞனே அவ்வுறை. அதனைப் பிரிக்குங்கால், வலிய ஒருவனுக்கும் வராத ஒருவனுக்கும் இடையே நாம் தீர்ப்புச் சொல்லுகின்றோம். நீதிபதியே ஆதாயம் பெறுவோனுமாய் நிற்றலின், அத்தீர்ப்புப் பெரும்பாலும் கோடும்.

இதற்கு அனுபவச் சான்றும் உண்டு. திலீப் சோமன், அமர் சீமா என்னும் ஆராய்ச்சியாளர் இருவர், இந்தியக் கிராமத் தொழிலாளரிடத்து நடாத்திய பரிசோதனையை 2011ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கூலியில் ஒரு பகுதி சேமிப்பென்று உறையிலிட்டு மூடிக் கொடுக்கப்பட்டது. தம் பிள்ளைகளின் படம் பொறித்த உறையைப் பெற்றோர், படமில்லாத உறை பெற்றோரினும் மிகுதியாகச் சேமித்தனர். அத்தொகையை ஓருறையிலன்றி ஈருறையிற் பகுத்துப் பெற்றோரும் அவ்வாறே மிகுதியாகச் சேமித்தனர். பூட்டில்லாத வெறுங் காகிதம் அது. கையைத் தடுத்தது காகிதமன்று. அதிலிருந்து நோக்கிய பிள்ளையின் முகமே.

அங்ஙனமாயின் எக்காலத்தும் உறையைத் தொடலாகாதோ எனின், அற்றன்று. வீட்டிலே பிள்ளை பசித்திருக்கக் கல்வியுறையைக் காத்திருத்தல் அறமாகாது. கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி, 2022 செத்தெம்பரில் முந்திய ஆண்டினும் விலைவாசி நூற்றுக்கு 69.8 வீதம் உயர்ந்திருந்தது. அத்தகைய காலத்திற் பழைய பங்கீட்டையே பற்றி நிற்றல் பேதைமை. நெடுங்காலச் சேமிப்பை உறையில் வைத்து மதிப்பிழக்கவும் களவுபோகவும் விடாது, வட்டி தரும் வங்கிக் கணக்கில் இட்டு, அக்கணக்குக்கே ஒரு பெயரிடுதல் நன்று. ஆனால் பங்கீட்டை மாற்றுங்கால் மூன்று விதிகளைக் கைக்கொள்ளல் வேண்டும். முதலாவது, மாற்றுதற்குக் காரணம் தேவையோ ஆசையோ என்று வினாவுதல். இரண்டாவது, இல்லாளும் வளர்ந்த பிள்ளைகளும் அறிய, இருந்து பேசி எடுத்தல். மூன்றாவது, எடுத்த தொகையையும் திருப்பி வைக்கும் நாளையும் துண்டிலெழுதி அவ்வுறையிலேயே இடுதல். கைக்கடிகாரம் முதல் விதியிலேயே தோற்கும். பசி மூன்றனையும் கடந்து செல்லும். வீட்டார்க்குச் சொல்ல நாணும் செலவு எதுவோ, அதுவே உறையிற் களவாம். தன் பொருளையே தான் களவாடல் கூடுமோ என்னும் வினாவுக்கு விடையும் இதுவே.

ஆசிரியர்க்கு இஃது இன்னும் ஒருபடி முக்கியமாகும். கல்விச் சுற்றுலாவுக்கென்றும், விளையாட்டுப் போட்டிக்கென்றும், வகுப்பு நூல்நிலையத்துக்கென்றும் மாணாக்கர் கொணருங் காசு சிலபொழுது நம் மேசையறையிலே தங்கும். திங்களின் கடைநாட்களில், “நாளை வைத்துவிடுவோம்” என்னும் எண்ணம் தோன்றுதல் இயல்பு. அவ்வெண்ணத்துக்கு வீட்டிலே பலகாலும் இடங்கொடுத்த கை, பள்ளிக்கூடத்திலே திடீரெனக் கூசி நில்லாது. வீட்டு உறையில் ஐம்பது ரூபாவுக்குந் துண்டெழுதிப் பழகிய கையோ, பிறர் பொருளை அணுகும் முன்னரே நின்றுவிடும்.

ஆகலின், அடுத்த சம்பள நாளிலே ஆறேழு பழைய உறைகளை எடுத்து, மனையாளோடு கலந்து, அவற்றின்மேற் பெயரெழுதுக. தொகை சிறிதாயினும் ஆகுக. பிள்ளைகளையும் அருகிருத்திக் கொள்க. தமக்கென்று ஒரு பங்கு உண்டென்பதை அவர்கள் அறியட்டும்; அப்பங்கைத் தந்தை தொடாதிருக்கின்றான் என்பதையும் காணட்டும்.