வாளியளவு தண்ணீர்



தபசுகாலம் தொடங்கிவிட்டது. நம் தீவுப்பகுதியில் தக்காளி பழுக்கும் காலமும் இதுதான். ஐப்பசி கார்த்திகையில் நாற்றுமேடையில் விதைத்து, மாரிமழை தணியும் வேளையில் பாத்திக்கு மாற்றி நட்ட கன்றுகள் மாசி பங்குனியில் பழம் தருகின்றன. ஊர்காவற்றுறையிலும் வேலணையிலும் ஓலை வேலிக்குள்ளே, நெடுந்தீவில் பவளக்கற்களை அடுக்கிக் கட்டிய மதிலுக்குள்ளே, உப்புக்காற்றுக்கு மறைவாகக் கிணற்றடியில் பத்தோ இருபதோ கன்றுகள் நிற்கும். கடல் கொந்தளித்துக் குறிகாட்டுவானிலிருந்து படகு ஓடாத நாளில், நெடுந்தீவிலும் நயினாதீவிலும் வளவுக்குள் இருப்பதுதான் கறி. ஆகையால் இதைப் பொழுதுபோக்கு என்று எண்ணிவிடாதீர்கள்.

ஒரு வருடம் நானும் அறைவீட்டு வளவில் கன்றுகள் நட்டேன். அயற்பங்குத் திருவிழா அலுவலாக நாலு நாள் அந்தப் பக்கம் போகவில்லை. ஐந்தாம் நாள் மனச்சாட்சி உறுத்தவே, வாளி வாளியாக அள்ளி ஊற்றினேன். செடி பச்சைப்பசேலென்று செழித்தது. ஆனால் காய்களின் அடிப்பக்கம் கறுத்து, தோல்போலாகி அழுகத் தொடங்கியது. பூச்சிதான் என்று மருந்தடிக்க ஆயத்தமானேன். பூசைக்கு வந்த ஆச்சி ஒருவர் காயைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"சுவாமி, இது பூச்சி இல்லை. நாலு நாள் பட்டினி போட்டிட்டு அஞ்சாம் நாள் விருந்து வைச்சால், பிள்ளை என்ன செய்யும்?"

விவசாய நூல்களும் இதையே சொல்கின்றன. காயின் அடிநுனிக்குக் கல்சியம் என்னும் சுண்ணாம்புச் சத்துப் போதியளவு போய்ச் சேராவிட்டால் அந்த இடம் அழுகும். நம்முடைய தீவுகளோ சுண்ணாம்புக் கல்லின்மேல் கிடப்பவை! சத்து வேரைச் சுற்றிக் கிடக்க, காய் அதில்லாமல் அழுகுகிறது. ஏன்? அதை ஏற்றிச் செல்வது தண்ணீர். தண்ணீர் ஒழுங்கில்லாமல் வந்தாலும், அதில் உப்பு மிகுந்தாலும், சத்து காயை எட்டுவதில்லை. ஆச்சி சொன்ன வழி எளிது: காலையில் அளவாக, இலையில் படாமல் அடியில் ஊற்றுவது, அடியைச் சுற்றி வைக்கோலோ காய்ந்த குழையோ பரப்பி ஈரத்தைக் காப்பது.

கோவிலுக்கு அருகிலேயே குடியிருந்து, நவநாள் ஒன்பதும் தவறாமல் வந்து, மற்ற நாட்களில் ஒரு செபமாலையும் சொல்லாத வீடுகளை அப்போது நினைத்துக்கொண்டேன். அறைவீடு கோவிலுக்கு இன்னும் கிட்ட என்பதும் நினைவுக்கு வந்தது.

வனாந்தரத்தில் இஸ்ராயேல் மக்களுக்கு ஆண்டவர் மன்னாவைக் கொடுத்தபோது, அவரவர் அன்றைய தேவைக்கு மட்டும் பொறுக்கும்படி சொன்னார். சிலர் நாளைக்கு என்று பதுக்கி வைத்தார்கள்; விடிந்தபோது அதில் புழு நெளிந்தது. யாத்திராகமம் பதினாறாம் அதிகாரத்தை இன்றிரவு வீட்டில் பிள்ளைகளைக் கொண்டு வாசிப்பியுங்கள். அளவோடு எடுப்பவன் மற்றவனுக்கும் விட்டுவைக்கிறான் என்பது அந்த ஏற்பாட்டுக்குள் இருக்கிறது.

இனிச் சொல்லப்போவது சற்றுக் கசப்பானது. எந்த ஊர் என்று சொல்லமாட்டேன். ஒரு வேலி, அதற்கு இருபுறமும் இரு கிணறு. ஒரு வீட்டுக்காரர் நல்ல உழைப்பாளி. தக்காளிக்குச் சந்தையில் விலை ஏறியதைக் கண்டு, கடன்பட்டு மோட்டர் வாங்கி, அறுநூறு கன்று நட்டார். தை மாதம் வரை எல்லாம் நன்றாகவே இருந்தது. மாசியில் அவருடைய தண்ணீர் சவர்த்தது. இலைகளின் ஓரம் கருகியது. பங்குனியில் அடுத்த வீட்டுக் கிணறும் உப்பாயிற்று. அந்த வீட்டில் கணவனை இழந்த ஒரு தாயும் மூன்று பிள்ளைகளும் அந்தத் தண்ணீரைத்தான் குடித்து வந்தார்கள். திருப்பலியில் சமாதானம் பகிரும் நேரத்தில் இரு வீட்டாரும் வேறு வேறு பக்கம் திரும்பி நின்றதை நான் பீடத்திலிருந்து கண்டேன்.

அவரை அழைத்துப் பேசினேன். "என்ர காணி, என்ர கிணறு, என்ர மோட்டர். நான் ஆருடையதை எடுத்தனான் சுவாமி?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். வேலி நிலத்துக்கு மேலே நிற்கிறது. கீழே தண்ணீருக்கு வேலியில்லை. தீவுகளில் ஆறு கிடையாது. மழையால் ஊறிய நன்னீர், பாரமான கடல்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் மட்டம் ஓர் அடி தாழ்ந்தால், கீழிருந்து உவர்நீர் காலப்போக்கில் ஏறத்தாழ 40 அடி மேலெழக்கூடும் என்பது நிலநீர் அறிஞர்களின் கணக்கு. கச்சதீவு அந்தோனியார் திருவிழாவுக்குப் போய்வந்தவர்களுக்கு, குடிதண்ணீர் இல்லாத தீவு என்றால் என்னவென்று நான் சொல்லத் தேவையில்லை. காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' திருமடலில், குடிநீர் மனிதர் எல்லோருக்கும் உரிய அடிப்படை உரிமை என்று போதித்தார்.

நாபோத்தின் கதையையும் அவருக்கு நினைவூட்டினேன். ஆகாப் அரசன் அந்தத் திராட்சைத் தோட்டத்தை விரும்பியது எதற்காக? மாளிகைக்கு அருகே காய்கறித் தோட்டம் போடுவதற்காக! அவன் தன் கையால் ஒரு கல்லும் எறியவில்லை. ஆயினும் ஆண்டவர் எலியாசை அவனிடந்தான் அனுப்பினார். அவர் பதில் பேசாமல் எழுந்து போனார். பேச்சு எல்லை மீறிவிட்டதோ என்று அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

அடுத்த மாரி நன்றாகப் பெய்தது. தபசுகாலத்தில் அவர் வளவுக்குப் போனேன். மோட்டரைக் காணவில்லை.

"எத்தனை கன்று?"

"இருபது, சுவாமி. வாளியாலை ஊத்த ஏலுமானது அவ்வளவுதான்."

தக்காளி, நிறம் மாறத் தொடங்கியதும் பறித்தால் வீட்டுக்குள்ளேயே பழுக்கும். இரண்டு மூன்று நாளைக்கொருமுறை பறிக்க வேண்டும், விட்டால் வெடித்து வீணாகும். அன்றும் பறித்துக்கொண்டிருந்தார். ஒரு சிறு கடகம் நிறைந்ததும், வேலிக்கு மேலால் மகளிடம் கொடுத்து அனுப்பினார். அவருடைய தண்ணீர் தெளிந்திருந்தது. அந்தத் தாயின் கிணறு இன்னும் சவர்க்கிறது. காலையும் மாலையும் அவர் பக்கத்திலிருந்து இரண்டு வாளி போகிறது.