பெயருள்ள கல்லும் பெயரற்ற வழியும்

கண்டித் தலதா மாளிகைக்கு அண்மையில், நூதனசாலைக்குப் பின்புறமாக மேட்டில் ஏறும் சிறு பாதையொன்றின் முடிவில், ஆங்கிலேயரின் பழைய படைவீட்டு இடுகாடு அமைந்துள்ளது. 1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானிய முடியின்கீழ் வந்தது. இரண்டாண்டுகள் கழிய, 1817இல் இவ்விடுகாடு அமைந்தது. ஏறத்தாழ 195 கல்லறைகள் இங்குள. கண்டி ஒப்பந்தத்தை வரைந்த ஜோன் டொயிலி 1824இல் மறைந்து இங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். 1856இல் காட்டு யானையாற் கொல்லப்பட்ட ஜோன் றொபேட்சனின் கல்லறையும் இங்குண்டு. காய்ச்சலால் இளமையிலேயே மாண்டோர் பலர்.

வரலாறு பயிலும் மாணவர் சிலர் தம் வகுப்புத் தோழரை இங்கு அழைத்துவந்து, ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்ககால வாழ்வை விளக்க முற்படுவராயின், அவர்தம் பணி எளிதே. கல்லிற் பெயருண்டு, வயதுண்டு, பல இடங்களில் இறந்த காரணமும் உண்டு. கேட்போர் இரக்கங் கொள்வர். அவ்விரக்கம் பிழையன்று, அயல்நாட்டில் இளமையில் இறந்தவன் எவனாயினும் இரக்கத்துக்குரியவனே.

ஆயின் அவ்வாழ்வின் மறுபாதிக்குக் கல் இல்லை. 1820களில் கம்பளையிலும், பேராதனைக்கு எதிரே மகாவலியின் மறுகரையிலுள்ள கன்னொறுவையிலும் கோப்பித் தோட்டங்கள் தோன்றின. அடுத்த இருபதாண்டுகளில் அவை மலையெங்கும் பரவின. அவற்றில் உழைக்கத் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து வந்தோர், மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே நூறு மைலுக்கு மேல் நடந்து மாத்தளையை அடைந்தனர். வாந்திபேதியும் பசியும் பலரை வழியிலேயே கொண்டன. 1840களில் மாண்டோர் எழுபதாயிரம் என அக்காலப் பத்திரிகைக் கணக்கொன்று கூறிற்று. அது மிகையெனப் பிற்கால ஆய்வாளர் சிலர் கருதுவர். இடுகாட்டில் ஒவ்வோர் உயிரும் தனித்தனியே எண்ணப்பட்டுள்ளது. இங்கோ ஆயிரங்களே வழக்கிற்குரியனவாய் நிற்கின்றன.

இந்நிலையிற் சொல்பவனின் கடமை யாது? ஆவணம் பேசாததை யாமும் பேசோம் என ஒதுங்குவது நேர்மைபோலத் தோன்றும். ஆனால் ஆவணத்தை எழுதியவர் யார், பேணியவர் யார் என்று கேளாத நேர்மை அரைநேர்மையே. எழுதப்படாமையை நிகழாமையாக அது மாற்றிவிடுகிறது. மறுபுறம், கேட்போர் நெஞ்சு உருகவேண்டுமென்று பெரிய எண்ணையே தேர்ந்து கூறுவதும் இறந்தோருக்குச் செய்யும் மரியாதையாகாது. எழுபதாயிரம் என்றால்தான் துயரம், அதிற் பாதியென்றால் துயரமன்று என எவரும் கொள்ளமாட்டார். சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்கள் உள. அவை தொகை கூறா. ஆனால் நடந்தவர் எதை அஞ்சினர், யாரை நொந்தனர் என்பதைக் கூறும். கல்லறை எழுத்துக்கு அளிக்கும் மதிப்பை இப்பாடல்களுக்கும் சான்றென அளிக்கத் தயங்குவதற்குப் பழக்கமன்றி வேறு காரணமில்லை.

இவற்றினும் நுட்பமான பிழையொன்றுண்டு. அது பெரும்பாலும் நல்லெண்ணத்திலேயே நிகழ்வது. கோப்பிக் காலத்து லயங்களைப்பற்றிப் பேச்செழுந்ததும், தோட்டத்திலிருந்து வந்த மாணவி பக்கம் வகுப்பு முழுவதும் திரும்புகிறது. "நீங்கள் சொல்லுங்கள்" என்கின்றனர். சக மாணவியாக வந்தவள் அக்கணமே காட்சிப்பொருளாகிறாள். நூற்றெண்பது ஆண்டுகளுக்கு முந்திய நடையை அவள் கண்டவளல்லள். ஏனையோரைப் போலவே நூலகத்திற் படித்தறியவேண்டியவள். பிறப்பு ஒருவருக்கு அக்கறையைத் தரலாம். அறிவைத் தானாகத் தந்துவிடாது. அவளாக விரும்பித் தன் பாட்டியிடங் கேட்டதைச் சொல்வாளாயின் அது வகுப்புக்கு வாய்த்த பேறு. கேட்டுப் பெறுவது வேறு. கடமையென வாங்குவது வேறு. அவளிடம் ஒப்படைத்துவிட்ட மற்றையோர் தாம் கற்கவேண்டிய பாடத்திலிருந்து தப்பிக்கொள்கின்றனர் என்பதும் உண்மை. இறந்தோர் அவளுடைய உறவினராம். ஏனையோருக்கு அவர்கள் ஒரு தலைப்பு.

யாழ்ப்பாணத்திலிருந்தோ வவுனியாவிலிருந்தோ பேராதனைக்கு வரும் மாணவன் பேருந்தில் தம்புள்ளை, நாலந்தை, மாத்தளை வழியாகவே வருகிறான். அன்று நடந்தோர் பெரும்பாலும் சென்ற வழியும் அதுவே. பருவத்துக்குப் பருவம் அவ்வழியிற் போய்வரும் அவனிடமும் அந்த வினாவைக் கேட்கலாம்.